கீறியவர் விட்ட கோடுகள்

சித்திரம் கீறத் தெரிந்தவர் எவரும் முதலிற் கீறுவது சித்திரத்தை அன்று. மனித முகமொன்றை வரையப் புகுந்தவர் முதலில் ஒரு முட்டை வடிவத்தை மெல்லிதாக இட்டு, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒன்றும் குறுக்காக ஒன்றுமாக இரு கோடுகளைப் போடுவார். குறுக்குக் கோட்டிற் கண்கள் அமையும். நெடுங்கோட்டில் மூக்கு இறங்கும். வீதியொன்றை வரைபவர் அடிவானத்துக்கு ஒரு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் இட்டு, கூரைகளும் மதில்களும் அப்புள்ளியை நோக்கி ஒடுங்கிச் செல்லுமாறு அடிமட்டத்தால் நீண்ட கோடுகளை இழுப்பார். இவையே துணைக்கோடுகள். படம் உருவானபின் இவற்றுக்கு வேலையில்லை, அழிறப்பரை எடுத்து அழித்துவிட வேண்டியதுதான் என்று பாடசாலையில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். (புள்ளிக் கோலமிடும் நம் பெண்கள் மட்டும் இவ்விதிக்குக் கட்டுப்படாதவர்கள். கோலம் முடிந்த பின்னரும் புள்ளிகள் வாசலில் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்கச் சொல்பவர் எவருமில்லை.)

அழிக்காமல் விடப்பட்ட துணைக்கோடுகளை என்ன செய்வது, அதுவும் கீறியவர் இறந்துபோன பின் என்ன செய்வது என்ற வினா சென்ற ஆண்டு எங்கள் ஊரில் எழுந்தது.

ஊர்ப் பாடசாலையில் நெடுங்காலம் சித்திரம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் காலமானார். முப்பத்தோராம் நாளன்று வெளியிடுவதற்கு ஒரு நினைவு மலர், யாழ்ப்பாணத்தார் 'கல்வெட்டு' என்று சொல்லும் அச்சிறு நூல், ஆயத்தமாயிற்று. தேவாரமும் வம்சாவளியும் அநுதாபச் செய்திகளும் வழமைபோல் இருக்கட்டும். அவற்றோடு அவருடைய பென்சிற் சித்திரங்களையும் சேர்க்கவேண்டும் என்று பழைய மாணவர் சிலர் விரும்பினோம். அவருடைய மகளாரின் அலுமாரியிலிருந்து பதினேழு படங்கள் கிடைத்தன. தேர்முட்டி, துலாக் கிணறு, பனங்கூடல், பாடசாலை மண்டபம், மாட்டு வண்டி, ஆட்டுக்குட்டி, ஆசிரியருடைய தாயாரின் முகம் என்று பலவகை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் துணைக்கோடுகள் கிடந்தன.

படங்களை ஸ்கேன் செய்து அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அவரிடம் கடைசியாகப் படித்த மாணவன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். கணினியில் நன்கு பழகியவன், குருபக்தியும் உள்ளவன். ஒரே இரவிற் பதினேழையும் துப்புரவாக்கி மறுநாட் காலை கொண்டுவந்து காட்டினான். "சேர், ஒரு கோடும் மிச்சமில்லை. எல்லாத்தையும் எடுத்திட்டன்" என்றான். அவன் சொன்னது உண்மையே. கடதாசி பால்போல் வெளுத்திருந்தது. ஆனால், பனங்கூடலின் பின்னே நின்ற காலைப் பனியும் போய்விட்டது. தேர்முட்டிப் படிகளில் விழுந்திருந்த இளநிழல் போய்விட்டது. தாயாரின் கன்னங்கள் வெறுங் கடதாசியாகி, கண்களும் மூக்கும் வாயும் ஒன்றையொன்று அறியாதவைபோல் தனித்தனியே நின்றன.

எப்படிச் செய்தாய் தம்பி என்று கேட்டேன். அவன் விளக்கினான். அன்று மாலை முதல் பல மாலைகள் அவனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து நான் கற்றவற்றைச் சித்திர ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறேன்.

ஸ்கேனர் கருவி கடதாசியை மிக நுண்ணிய சதுரங்களாகப் பிரித்து வாசிக்கிறது. அங்குலத்துக்கு அறுநூறு சதுரங்கள் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சதுரத்தின் வெளிச்சமும் ஓர் எண்ணாகப் பதியப்படும். முழுக் கறுப்பு 0. முழு வெண்மை 255. வெள்ளைக் கடதாசி என்று நாம் சொல்வது உண்மையில் 255 ஆக இருப்பதில்லை. பழுத்த கடதாசியானால் 240, 230 என்று இறங்கிவிடும். அழுத்திக் கீறிய பென்சிற் கோடு 80 அளவில் இருக்கும். கையைத் தளர்த்தி இழுத்த துணைக்கோடு 190 அளவில் நிற்கும். படங்களைத் திருத்தும் மென்பொருள்களில், விலைகொடுத்து வாங்கும் ஃபோட்டோஷொப்பாயினும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பாயினும், 'லெவல்ஸ்' என்றொரு கருவியுண்டு. "இன்ன எண்ணுக்கு மேற்பட்ட யாவும் வெண்மையாகுக" என்று அதனிடம் கட்டளையிடலாம். மாணவன் 180 என்று கட்டளையிட்டான். 190இல் நின்ற துணைக்கோடுகள் ஒரு நொடியில் மறைந்தன. 190இலும் 200இலும் 210இலும் நின்ற பனியும் நிழலும் கன்னமும் கூடவே மறைந்தன.

இதற்குக் கணினியைக் குறைசொல்வது நியாயமன்று. துணைக்கோடும் இளநிழலும் ஒரே பென்சிலை ஒரே தளர்ந்த கையாற் பிடித்து இட்டவை. இரண்டும் ஒரே கரி. கருமையின் அளவைக்கொண்டு அவற்றைப் பிரிக்க முடியாது. கோடு பொருளைக் கடந்து வெளியே ஓடுகிறது, நிழல் பொருளின் உடலில் நிற்கிறது என்று கண்டு சொல்வதற்குக் கிணறு இன்னது, கன்னம் இன்னது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

நிற்க. கட்டைப் புரட்டிப் பார்த்தபோது நான்கு படங்களில் துணைக்கோடுகள் வெளிர்நீல நிறத்தில் இருந்தன. பிள்ளைகள் யாரோ கலர்ப் பென்சிலாற் கிறுக்கிவிட்டார்கள் என்று மாணவன் எண்ணியிருந்தான். அவை கிறுக்கல்களல்ல. பாடசாலைச் சஞ்சிகையைப் 'புளொக்' வைத்து அச்சிட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த நீலம் புரியும். அச்சுவேலைக்குப் படம்பிடித்த கமராக்களில் இட்ட ஃபிலிம் நீல ஒளியை விரைந்து பற்றும்; சிவப்பைக் காணாது. ஆதலால், வெளிர்நீலக் கோடு அந்த ஃபிலிமுக்கு வெறுங் கடதாசிபோலவே தோன்றும். சிவப்புக் கோடோ கறுப்பாய்ப் பதியும். அச்சில் வரக்கூடாதவற்றை நீலத்திற் கீறுவது பத்திரிகை ஓவியர்களின் வழக்கமாயிற்று. பக்கங்களை ஒட்டி அமைப்போரும் சித்திரக் கதை வரைவோரும் இதற்கென்றே விற்கப்பட்ட நீலப் பென்சில்களைப் பயன்படுத்தினர். நம் ஆசிரியரும் சஞ்சிகைக்காகக் கீறிய படங்களில் இந்த வழியையே கையாண்டிருக்கிறார். அழிறப்பரால் தேய்த்துக் கடதாசியைப் புண்படுத்த வேண்டியதில்லை அல்லவா?

அந்தக் கமராவும் ஃபிலிமும் இன்று எம்மிடம் இல்லை. ஆயினும் அவற்றின் வேலையைக் கணினியைக்கொண்டு செய்விக்கலாம். இதற்கு முதல் நிபந்தனை, பென்சிற் படந்தானே என்று எண்ணிச் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யாமல், முழு நிறத்தில் ஸ்கேன் செய்வது. நிறப்படத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் பதியப்படுகின்றன. கடதாசிக்கு மூன்றும் 240 என்று கொள்வோம். கரிப் பென்சிலுக்கு மூன்றும் 80. வெளிர்நீலக் கோட்டுக்கோ சிவப்பில் 170, பச்சையில் 210, நீலத்தில் 238 என்பதுபோல வரும். மூன்று நிறப்பிரிவுகளையும் மென்பொருளில் 'சனல்' என்பர். அவற்றுள் நீலச் சனலை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், 238க்கும் 240க்கும் கண்ணுக்கு வேற்றுமை ஏது? நீலக்கோடு கடதாசியில் கரைந்துவிடும், பென்சிற் கோடு 80லேயே நிற்கும், இளநிழல்களுக்கும் சேதமில்லை.

எங்கள் மாணவன் முதலில் இதைத் தலைகீழாகச் செய்தான். நீலத்தை நீக்க வேண்டுமாகையால் நீலச் சனலை நீக்கிவிட வேண்டும் என்று எண்ணிச் சிவப்பை வைத்துக்கொண்டான். துணைக்கோடுகள் முன்னிலும் கறுத்து எழுந்தன! இருவரும் சிரித்தோம். அநேகர் செய்யும் பிழை இது. நீலத்தில் மறைவது நீலமே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாற் போதும். சிவப்புப் பென்சிலாற் கீறிய துணைக்கோடாயின் சிவப்புச் சனலில் மறையும். அழுத்திக் கீறிய கடுநீலம் முற்றாக மறையாது. சிறிது மங்கலாக எஞ்சும். அதனை லெவல்ஸ் கருவியால் மிகச் சிறிதளவு தட்டிவிடலாம்.

இந்த நான்கு படங்களைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் எழவில்லை. எந்தக் கோடுகள் மறையவேண்டும் என்று ஆசிரியரே நீலப் பென்சிலை எடுத்தபோது தீர்மானித்துவிட்டார். இதிலிருந்து நான் ஒரு முடிவுக்குப் பாய்ந்தேன். மறைய வேண்டியவற்றை நீலத்திற் கீறத் தெரிந்தவர், கரிப் பென்சிலிற் கீறி விட்டுச்சென்ற துணைக்கோடுகளை வேண்டுமென்றே விட்டிருக்க வேண்டும். எஞ்சிய பதின்மூன்று படங்களிலும் கைவைப்பது அடாது என்பதே அந்த முடிவு. மலர்க் குழுக் கூட்டத்தில் இதைச் சற்று உரத்த குரலிலேயே சொன்னேன். வெளிநாட்டுச் சான்றுகளையும் எடுத்துக் காட்டினேன்.

எகிப்து நாட்டில் மன்னர் பள்ளத்தாக்கிலே ஹோரெம்ஹெப் என்னும் மன்னனின் கல்லறை முற்றுப்பெறாமல் விடப்பட்டது. அதன் சுவர்களில் முதலிற் கீறிய செந்நிறக் கோடுகளும், அவற்றைத் திருத்திய கருநிறக் கோடுகளும் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் தெரிகின்றன. வேலை முடிந்த கல்லறைகளிற் கிடைக்காத பாடம் இங்கே கிடைக்கிறது.

இதனினும் அரியது இத்தாலியிலுள்ள பீசா நகரத்துக் கதை. சாய்ந்த கோபுரத்துக்கு அருகே கம்போசாந்தோ என்னும் பழைய இடுகாட்டு மண்டபம் உண்டு. அதன் சுவர்களில் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. 1944ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி போரில் விழுந்த குண்டொன்றினால் கூரை பற்றியெரிந்து, கூரையிலிருந்த ஈயம் உருகி ஓவியங்களின் மேல் வழிந்தது. எஞ்சியவற்றைக் காப்பதற்காக நிபுணர்கள் ஓவியப் படையைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார்கள். உரித்த இடத்தில், அடியிலிருந்த சாந்தின்மேல், செம்மண் நிறத்தில் வேறொரு வரைவு தோன்றிற்று! ஓவியர்கள் தம் வழிக்காகக் கீறி, பின் தாமே சாந்து பூசி மூடிய கோடுகள் அவை. கருங்கடற் கரையிலுள்ள சினோப் பட்டினத்துச் செம்மண்ணின் பெயரால் அவற்றைச் சினோப்பியா என்பர். ஒருவரும் காணக்கூடாதென்று மூடப்பட்ட அக்கோடுகளுக்கென்றே அதே சதுக்கத்தின் மறுபுறத்தில் 1979ஆம் ஆண்டு ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. ஓவியனின் கை தயங்கிய இடத்தையும் மனம் மாறிய இடத்தையும் அங்கே காணலாம்.

அடுத்ததாக வோல்ட் டிஸ்னியின் அசையும் சித்திரங்களைச் சொன்னேன். 1959இல் வெளிவந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' வரையில், ஓவியர் பென்சிலாற் கீறியதை உதவியாளர்கள் துப்புரவாக மீண்டும் கீற, அதனை மைதீட்டும் பெண்கள் கண்ணாடித் தாளில் ஒவ்வொன்றாகப் படியெடுத்தார்கள். செலவு தாங்க முடியாமற் போனது. 1961இல் வந்த '101 டல்மேஷியன்ஸ்' படத்திலே செரொக்ஸ் முறையால் பென்சிற் கோடுகள் நேரே தாளில் ஏற்றப்பட்டன; அம்முறையை அந்த வேலைக்குப் பொருத்திக் கொடுத்தவர் அப் ஐவர்க்ஸ். ஓவியரின் கரடுமுரடான கோடுகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துணைக்கோடுகளும் திரைக்கே வந்துவிட்டன. மில்ட் கால் முதலிய ஓவியர்களுக்குப் பெருமகிழ்ச்சி. தங்கள் கை கீறியதைத் திரையிற் கண்டார்கள். டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. 1963இல் வந்த 'த சுவோர்ட் இன் த ஸ்டோன்' படத்தை இன்று நிறுத்திநிறுத்திப் பார்ப்பவர்கள் அக்கோடுகளைத் தெளிவாகக் காணலாம்.

கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்வெட்டு என்ன சித்திரப் பரீட்சையோ?" என்றார். சிரிப்பொலி அடங்கியதும், படங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான்.

ஐந்து படங்கள் வகுப்பிலே மாணவருக்குச் செய்துகாட்டக் கீறியவை. பாடசாலை மண்டபத்தின் தூண்கள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கி ஒடுங்க, கோடுகள் கடதாசியின் விளிம்புவரை ஓடியிருந்தன. அங்கே கோடுகளே பாடம்; தொடாமல் விட்டோம். இரண்டு படங்கள், மாட்டு வண்டியும் ஆட்டுக்குட்டியும், சதுரக்கோட்டுக் கணிதக் கொப்பித் தாளிற் கீறியவை. நல்ல கடதாசி கிடைக்காத நாட்களாயிருக்கலாம். அச்சடித்த சதுரங்கள் அவர் கீறியவையல்லவே. ஆதலின் அவற்றை அகற்றுவதற்கு எவரும் தடை சொல்லவில்லை. நீலச் சனல் பாதியைத் தீர்த்தது. மீதியைத் தீர்க்க மாணவன் எடுத்த வழி என்னை வியக்கச் செய்தது. வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்து 1822இல் நூல் வெளியிட்ட ஃபூரியே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரின் முறை அது. எந்த உருவையும் சிறிதும் பெரிதுமான அலைகளின் கூட்டமாகக் காட்டும் அம்முறையிற் படத்தை மாற்றினால், சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் சதுரக்கோடுகள் ஒருசில ஒளிப்புள்ளிகளாகத் திரண்டு நிற்கும். ஒழுங்கற்ற ஆட்டுக்குட்டியோ எங்கும் சிதறிக் கிடக்கும். அந்தப் புள்ளிகளை மூடிவிட்டு மீண்டும் படமாக்கினால் சதுரங்கள் மங்கிவிடுகின்றன. கிம்ப்பில் இதற்குத் தனியாக ஒரு துணைநிரல் சேர்க்கவேண்டும். வண்டிச் சில்லின் ஆரங்கள் சிறிது நைந்தன, அதைப் பொறுத்துக்கொண்டோம்.

துலாக் கிணறு, தேர்முட்டி, பனங்கூடல் முதலிய வேறு ஐந்தில் ஆசிரியரே அழிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார். அழித்த இடங்களிலும் பென்சில் பதிந்த வடு, கடதாசியைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் தொடங்கியதை முடிப்பதே முறை என்று கண்டோம். இங்கே கட்டளை எதுவும் உதவாது, கைவேலைதான். மூலப் படத்தை அடியில் அப்படியே வைத்து, அதன்மேல் வெறுமையான ஒரு படலத்தை விரித்து, திருத்தங்களையெல்லாம் அப்படலத்திற் செய்யவேண்டும். பிழைத்தால் படலத்தைக் களையலாம், மூலம் பழுதுபடாது. கோட்டின்மேல் வெள்ளை பூசுவது பெரும் பிழை. கடதாசி வெள்ளையல்லாததால் பூசிய இடம் சுண்ணாம்புக் கோடுபோலப் பளிச்சிடும். பக்கத்திலுள்ள கடதாசியின் தன்மையையே படியெடுத்து ஒட்டவேண்டும். அதற்குரிய கருவிகள் மென்பொருளில் உள்ளன. நிழலைக் கடந்து செல்லும் கோடாயின், அண்டையிலுள்ள நிழலை, பென்சில் எந்தச் சாய்வில் ஓடியதோ அந்தச் சாய்விலேயே எடுத்து ஒட்டவேண்டும். கிணறு ஒன்றுக்கே இரண்டு மாலைகள் சென்றன. பனங்கூடலில் பனி திரும்பி வந்தது.

கடைசியில் தாயாரின் முகம் எஞ்சியது. பழைய நிழற்படமொன்றைப் பார்த்துக் கீறிய படம். தலைமயிர் இழையிழையாக முடிந்திருந்தது. காதிலிருந்த தோடு முடிந்திருந்தது. முகத்துக்குக் குறுக்கே அந்தத் துணைக்கோடும், நெற்றியிலிருந்து நாடிவரை நெடுங்கோடும் இருந்தன. இவ்வளவு நுட்பமாக முடித்தவர் இவ்விரு கோடுகளை மறந்திருக்க முடியாது, தாயின் முகம் எவ்வாறு உருவானது என்பதைக் காட்டவே விட்டிருக்கிறார் என்று மகளாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சிறிதுநேரம் பேசாமல் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் படிச்சனீங்கள். ஆனால் அப்பா விட்டது அதுக்காக இல்லை. கண்ணில புரை வந்து மங்கத் தொடங்கின நேரம் கீறினது இது. அழிக்கவெண்டு அழிறப்பரைக் கையில எடுத்தவர். முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தார். பிறகு, 'வேண்டாம் பிள்ளை, கோட்டை அழிக்கிறன் எண்டு அம்மாவின்ரை கண்ணை அழிச்சுப்போடுவன்' எண்டு வைச்சிட்டார். நான் அழிச்சுத் தரட்டோ எண்டு கேட்டன். விடேல்லை."

நீலப் பென்சிலை வைத்து நான் கட்டிய தருக்கம் அத்தோடு முடிந்தது. எகிப்தையும் பீசாவையும் பற்றி மேலும் பேசுவதற்கு எனக்கு வாய் எழவில்லை. "எடுக்கட்டோ, விடட்டோ?" என்று மட்டும் கேட்டேன். "எடுங்கோ. ஆனால் கண்ணைக் கவனமாப் பாருங்கோ" என்றார்.

மூன்று இரவுகள் சென்றன. படத்தை நான்கு மடங்கு பெருப்பித்து வைத்துக்கொண்டு, மாணவன் ஒவ்வோர் இழையாக அகற்ற, இது கோடு, இது இமை, இது சுருக்கம் என்று நான் மூலத்தைக் கையில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நெடுங்கோடு எளிதிற் போனது. மூக்கின் நிழலை அதன் இரு பக்கங்களிலிருந்தும் எடுத்து நிரப்பினான். குறுக்குக் கோடு வலக் கண்ணைக் கடந்த இடமும் சரிவந்தது. இடக் கண்ணின் வெளிமூலையில் துணைக்கோடும் மேலிமையின் மடிப்பும் ஒன்றாகவே ஓடின. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. "சேர், இதைத் தொட்டால் கண் போயிடும்" என்றான் மாணவன். மகளார் சொன்ன கதையை அவன் அறியான். நானும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவ்விடத்தை விட்டுவிட்டோம். கல்வெட்டின் பின்பக்கத்தில் அப்படம் வெளிவந்தது. இடக் கண்ணின் ஓரத்தில் ஒரு நெல் நீளத்துக்குக் கோடு இருக்கிறது; பார்ப்பவர்கள் அதனைச் சுருக்கம் என்று கொள்கிறார்கள். திருத்தாத பதினேழு ஸ்கேன்களையும் வேறாக ஒரு தட்டில் இட்டுப் பாடசாலை நூல்நிலையத்திற் கொடுத்திருக்கிறோம். மூலங்கள் மகளாரின் அலுமாரிக்கே திரும்பிவிட்டன.